ஒழுகுகிற கூரையும் ஊர்ந்து போகிற மிட்டாயும்

இது ஒரு டம்ளர் டீயில் முடிகிற பேச்சு இல்லை. இரண்டாவது டம்ளருக்கும் இப்போதே சொல்லிவிட்டு உட்காரலாம்.

பென்னாகரம் பக்கம் ஓர் ஊர். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதத் திருவிழா. கோடை பிறந்தால் எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களில் இதுதான் பேச்சு. பகலில் பந்தலுக்குள் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக ஆடும். கடைசி நாள் படுகளத்தில், களிமண்ணால் செய்த துரியோதனன் மைதானம் கொள்ளாமல் மல்லாந்து கிடப்பான். நான் போனது நடுவில் ஒரு நாள். பக்கத்து வீட்டுச் சிறுமி கூட வந்திருந்தாள், பத்து வயது. ஒன்பது வயதுப் பையன் ஒருவனும் வந்திருந்தான். அவளுடைய அப்பா தை மாதம் மறுமணம் செய்துகொண்டார். புதிதாக வந்தவரோடு வந்தவன் இந்தப் பையன். ஒரே கோரைப்பாய். இந்த முனையில் அவள், அந்த முனையில் அவன், நடுவில் நானும் ஒரு பொட்டலம் வறுத்த நிலக்கடலையும். கடலையை இரண்டு பங்காகப் பிரிக்கச் சொன்னார்கள். கைப்பிடிக் கணக்கு செல்லாது, எண்ணித்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

எண்ணிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: “தாத்தா, நகுலனுக்கும் சகாதேவனுக்கும் குந்தி சொந்த அம்மா இல்லையாமே? பகல்ல அந்தப் பெரியவரு சொன்னாரு.”

“ஆமா. அவங்க அம்மா மாத்ரி. குந்தி பெரியம்மா முறை.”

“அப்ப அவங்க வீட்ல சண்டை வரலையா?”

வந்தது. எப்படி வந்தது, எப்படி நின்றது என்று அன்று இரவு அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன். பாரதம் மட்டும் போதாது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் சர்ச் தெருப் பழைய புத்தகக் கடையிலிருந்து வாங்கிவந்து கொடுத்த ஓர் இங்கிலீஷ் சிறுவர் நாவலும் இதற்கு வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டு வீடு ஒரு வீடாவதைப் பற்றிய மாயக்கதை எப்படி வேலை செய்கிறது என்பது புரியும்.

முதலில் ஒரு சொல்லைத் தீர்த்துக்கொள்வோம். மனைவியை இழந்தவரும் கணவரைப் பிரிந்தவரும் தத்தம் பிள்ளைகளோடு ஒரே கூரைக்குக் கீழ் வந்தால் அதைப் பாடப்புத்தகத் தமிழில் ‘கலப்புக் குடும்பம்’ என்கிறார்கள். எனக்கு அது உரக்கடையில் கேட்கிற சொல்லாகத்தான் படுகிறது. ஊர்ப்பேச்சில் மூத்த தாரம், இளைய தாரம், மூத்த தாரத்துப் பிள்ளை என்று சொல்லி நிறுத்திவிடுவோம். அப்பாவின் இரண்டாம் மனைவிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘சித்தி’. அம்மாவின் தங்கையும் சித்திதான், சித்தப்பாவின் மனைவியும் சித்திதான். அக்காள் இறந்துவிட்டால் பிள்ளைகள் அந்நியர் கைக்குப் போகக்கூடாது என்று தங்கையையே கட்டிவைத்த வீடுகள் நம்மிடம் ஏராளம். அங்கே பழைய சித்தியே புதுச் சித்தி, பிள்ளைக்குச் சொல் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. 1966-ல் கே. எஸ். கோபாலகிருஷ்ணன் ‘சித்தி’ என்று படம் எடுத்தார். 1999-ல் அதே பெயரில் தொலைக்காட்சித் தொடர் வந்து ஊரையே வீட்டுக்குள் உட்கார வைத்தது. ‘மாற்றாந்தாய்’ என்ற சொல் இன்று உயிரோடு இருப்பது பெரும்பாலும் செய்தித்தாளில்தான். மத்திய அரசு நிதி தராதபோது அந்த மனப்பான்மை வெளியே வரும். சோறு போடும்போது யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

ஆக, தமிழ் ஒரு தந்திரம் செய்கிறது. உறவு வருவதற்கு முன்பே உறவுமுறையைக் கொடுத்துவிடுகிறது. அந்தச் சிறுமிக்கு அந்தப் பையன் முதல் நாளே ‘தம்பி’. சொல் தாலி கட்டிய நாளே வந்துவிட்டது. பாசம் என்ன பஸ்ஸில் வருகிறதோ தெரியாது. இந்த இடைவெளியில்தான் நம் கதை நடக்கிறது.

பாரதத்துக்கு வருவோம். குந்திக்குத் துர்வாசர் ஒரு மந்திரம் கொடுத்திருந்தார். எந்தத் தேவரை நினைத்துச் சொல்கிறோமோ அவர் வந்து பிள்ளை வரம் தந்துவிட்டுப் போவார். கல்யாணத்துக்கு முன்பே சும்மா சோதித்துப் பார்த்ததில் கர்ணன் பிறந்தது தனிக்கதை. கல்யாணத்துக்குப் பிறகு, பாண்டுவின் சம்மதத்தோடு தருமன், பீமன், அர்ச்சுனன் என்று மூன்று பேர். இளையவள் மாத்ரிக்கு ஒன்றுமில்லை. அவள் பாண்டுவிடம் சொல்ல, பாண்டு குந்தியிடம் சொல்ல, குந்தி மனமிரங்கி ஒரே ஒரு தடவைக்கு மந்திரத்தைச் சொல்லிக்கொடுக்கிறாள். மாத்ரி புத்திசாலி. இரட்டையர்களான அசுவினி தேவர்களை நினைத்துவிட்டாள். ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் பஸ் ஏறின மாதிரி, ஒரு மந்திரத்தில் நகுலனும் சகாதேவனும் வந்து சேர்ந்தார்கள். பிறகு பாண்டு மாத்ரிக்காக மறுபடி கேட்டபோது குந்தி முடியாது என்றுவிட்டாள். என்னை ஏமாற்றிவிட்டாள், இன்னொரு தடவை கொடுத்தால் எண்ணிக்கையில் என்னையே மிஞ்சிவிடுவாள் என்பது அவள் சொன்ன காரணம். வியாசர் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இதை மனதில் வைத்துக்கொள்வோம். தேவலோகத்து மந்திரம் ஒரு வீட்டுக்குள் வருகிறது. வந்ததும் நடந்த முதல் காரியம் எண்ணிக்கைத் தகராறு. என் பாயில் நடந்த கடலைத் தகராறும் இதே வகைதான்.

அந்த இங்கிலீஷ் நாவலின் பெயர் ‘தி ஓகர் டவுன்ஸ்டேர்ஸ்’. ‘கீழ்வீட்டு அரக்கன்’ என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் டயானா வின் ஜோன்ஸ், வெளிவந்தது 1974-ல். ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 2004-ல் படமாக்கிய ‘ஹவுல்ஸ் மூவிங் காஸில்’ கதையும் இவருடையதுதான். காஸ்பர், ஜானி, க்வின்னி என்று மூன்று பிள்ளைகள். அவர்களுடைய அம்மா ஒருவரை மறுமணம் செய்துகொள்கிறார். அவருக்கு டக்ளஸ், மால்கம் என்று இரண்டு பையன்கள். வீடோ சின்னது. அந்த மனிதருக்குச் சத்தமே ஆகாது, கத்துவார், தடை போடுவார். மூன்று பிள்ளைகளும் அவருக்கு வைத்த பெயர்தான் அரக்கன். அவருடைய பையன்களையும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பையன்களுக்கும் இவர்களைப் பிடிக்கவில்லை. மூன்றுக்கு இரண்டு. குந்திக்கு மூன்று, மாத்ரிக்கு இரண்டு என்ற அதே கணக்கு. அந்த அம்மையார் பாரதத்தைப் பார்த்து வைத்தார் என்று சொல்லவரவில்லை. எண் பொருந்திப்போனதில் எனக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

அரக்கன் என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது, சொல்லிவிட்டுப் போகிறேன். மேல்நாட்டுப் பழங்கதைகளில் கெட்டவர் என்றால் மாற்றாந்தாய் என்று நாம் பழகியிருக்கிறோம். கிரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சிட்ட முதல் பதிப்பில் ஸ்னோ வொய்ட்டைக் கொல்லப் பார்ப்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாயாக்கப்பட்டாள். ஹேன்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவரச் சொன்னவளும் முதலில் பெற்றவளே, 1840 பதிப்பில் அவளும் மாற்றப்பட்டாள். தாய்மைக்கு இழுக்கு வரக்கூடாது என்று பழியை இளைய தாரத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். ஜோன்ஸ் செய்தது இன்னும் நேர்மையான வேலை. அரக்கன் என்பது பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் என்பதை அவர் முதலிலேயே நமக்குத் தெரியவைக்கிறார்.

இனி மாயம் வருகிற இடம். பிள்ளைகளை நல்லபடியாக வைத்துக்கொள்ளத்தான் அரக்கன் இரண்டு ரசாயன விளையாட்டுப் பெட்டிகள் வாங்கிவருகிறார். குட்டிக் கண்ணாடிக் குழாய்கள், தூள்கள், அடையாளச் சீட்டுகள் எல்லாம் அடுக்கிய பெட்டி. ஒன்று ஜானிக்கு, ஒன்று மால்கமுக்கு. தகராறு வரக்கூடாது என்றுதான் ஆளுக்கொன்று. அவரும் கடலையை எண்ணிக் கொடுத்தவர்தான். பெட்டிகளுக்குள் இருப்பது வெறும் ரசாயனம் இல்லை. ஜானி கலக்கிய கலவை க்வின்னியின் மேல் கொட்டிவிட, அவள் பலூன் மாதிரி மிதந்து கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறாள். இன்னொரு தூள் பட்டு மிட்டாய்க் கட்டிகளுக்கு உயிர் வந்துவிடுகிறது. எச்சில் மிட்டாய் கட்டிலுக்கடியில் ஊர்ந்து ஓடுகிறது என்று நினைத்துப் பாருங்கள். எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, விட்டால் கிடைத்ததைத் தின்கிறது, உயிருள்ளதாயிற்றே என்று கொல்லவும் மனம் வரவில்லை.

இப்போதுதான் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம். மாயக்கதை, குடும்பக்கதை, நகைச்சுவை மூன்றும் சேர்ந்தது என்றவுடன் நம் மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. ‘சரிதான், மாயம் வரும், பிரிந்து கிடக்கிற பிள்ளைகளை ஒட்டவைத்துவிடும்.’ மாயம் என்றால் பசை என்று நினைக்கிறோம். இந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுக்கிற பெரியவர்களும் அதே நினைப்பில்தான் கொடுக்கிறார்கள். படித்துவிட்டு வந்தால் பையன் அந்தப் பெண்ணோடு ஒட்டிக்கொள்வான் என்று. நானும் அப்படி நினைத்துத்தான் அட்டையைத் திறந்தேன்.

நூறு பக்கம் தள்ளியும் பசை வரவில்லை. மாயம் ஒவ்வொரு தடவையும் வீட்டை இன்னும் நாறடிக்கிறது. தரை பாழாகிறது, துணி பாழாகிறது, அரக்கன் இன்னும் கத்துகிறார், அம்மாவுக்கும் அவருக்கும் நடுவிலேயே விரிசல் விழுகிறது. அப்படியென்றால் மாயத்துக்கு அங்கே என்னதான் வேலை?

அதற்கு என் வீட்டுச் சமாசாரம் ஒன்று. எங்களுடையது நாட்டு ஓட்டு வீடு. எனக்கு எட்டு வயதிருக்கும். என் அம்மாவும் பெரியம்மாவும் ஒரு பித்தளைக் குடத்துக்காகப் பேச்சை நிறுத்தி நாலு மாதம். ஒரே அடுப்படி, ஒரே அம்மி. ஆனால் உப்பு வேண்டுமென்றால்கூடக் குழந்தைகள் மூலமாகத்தான் தூது போகும். ஐப்பசி மாதம் ஒரு ராத்திரி மழை பிடித்தது. பகலில் குரங்கு வந்து ஓடுகளை நகர்த்திவிட்டுப் போனதை யாரும் கவனிக்கவில்லை. நேராகக் கேழ்வரகு மூட்டை மேல் தண்ணீர். ஆண்கள் ஊரில் இல்லை. அம்மா சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், பெரியம்மா அதற்கு முன்பே எழுந்து மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுக்க முடியவில்லை. “அந்த அண்டாவ இப்பிடித் தள்ளு” என்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. அதற்குப் பிறகு, “இந்தப் பக்கமும் ஒழுகுது.” “அந்தச் சாக்கு எங்க?” “உங்க காலுக்குக் கீழதான்.” விடிய விடிய இப்படி. காலையில் கட்டிப்பிடித்து அழுதார்களா என்று கேட்காதீர்கள், அதெல்லாம் ஒன்றுமில்லை. குடம் யாருடையது என்பதும் தீரவில்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

மழைக்கு அவர்களைச் சேர்த்துவைக்கிற எண்ணம் கிடையாது. ஒரு ஆளால் அடைக்க முடியாத அளவுக்கு அது ஒழுகியது, அவ்வளவுதான். ஜோன்ஸ் நாவலில் மாயம் செய்கிற வேலை இதுவே. கூரையில் நிற்கிற தங்கையை ஒருவன் மட்டும் கீழே இறக்க முடியாது. ஓடுகிற மிட்டாயை இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று மடக்கினால்தான் பிடிக்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலே, பெரியவர்களுக்குத் தெரியக்கூடாது. அது தெரியக்கூடாது என்றால், எதிர் அறைக்காரனும் வாயைத் திறக்கக்கூடாது. அவன் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்றால் அவனிடம் பேசித்தான் ஆகவேண்டும். முதலில் இரண்டு கட்சியும் தனித்தனியாகத்தான் மறைக்கிறார்கள். எதிர்க்கட்சியிடமும் அதே மாதிரிப் பெட்டி, அதே மாதிரி நாசம் என்று தெரிகிற இடத்தில்தான் கதை மெல்லத் திரும்புகிறது.

கூர்ந்து பார்த்தால் இதில் ஒரு கைத்தொழில் நுணுக்கம் தெரியும். மாயம் பெரியதாக இருந்தால் இது நடக்காது. உலகம் அழியப்போகிறது, அரக்கர் படை வருகிறது என்றால் யாரும் யாரோடும் சேருவார்கள். ஆபத்து நீங்கியதும் அவரவர் வழியில் போவார்கள். தேர்தல் கூட்டணி மாதிரி. இங்கே மாயம் வீட்டளவுக்குத்தான் இருக்கிறது. துவைக்க வேண்டிய துணி, துடைக்க வேண்டிய தரை, சொல்ல வேண்டிய பொய். சேர்ந்து தரை துடைத்தவனை மறுநாள் காலையில் முகம் தெரியாதவன் போலப் பார்க்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது காஸ்பரும் மால்கமும் உடம்பு மாறிப்போகிற அத்தியாயம். இவன் உயிர் அவன் உடம்பில், அவன் உயிர் இவன் உடம்பில். அப்படியே பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கிறது. நமக்கு இது புதிதல்ல, கூடுவிட்டுக் கூடு பாய்தல்தான். திருமூலர் கதையை எடுத்துக்கொள்வோம். மாடு மேய்க்கிற மூலன் இறந்து கிடக்கிறான், பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. அந்த வழியாக வந்த சிவயோகி ஒருவர் மனம் பொறுக்காமல் தன் உடம்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் நுழைகிறார். பசுக்கள் சந்தோஷப்பட்டு வீடு திரும்புகின்றன. அப்புறம்தான் சிக்கல். மூலனின் மனைவி வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். எனக்கும் உனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்கிறார் இவர். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள். திரும்பிப் போய்ப் பார்த்தால் வைத்த உடம்பையும் காணவில்லை.

சேக்கிழார் இதைப் பக்தியோடு சொல்கிறார். நான் சின்ன வயதில் முதல்முறை கேட்டபோது அந்த மனைவிக்காகத்தான் வருத்தப்பட்டேன். அடுத்தவர் உடம்புக்குள் போனால் அவருடைய உறவுகளும் கூடவே வந்து கையைப் பிடிக்கும் என்பது இந்தக் கதையில் இருக்கிறது. காஸ்பருக்கும் அதுதான் நேர்கிறது. மால்கம் உடம்பில் இருக்கிறவரை மால்கமை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அவன் அனுபவித்தாக வேண்டும். ‘அவன் இடத்தில் உன்னை வைத்துப் பார்’ என்று பெரியவர்கள் ஆயிரம் தடவை சொல்வோம், பிள்ளைகள் காதில் ஏறாது. ஜோன்ஸ் அறிவுரையே சொல்லாமல் பிள்ளையை அப்படியே தூக்கி அந்த இடத்தில் வைத்துவிடுகிறார். திருமூலர் திரும்பவில்லை, பையன்கள் திரும்பிவிடுகிறார்கள். சிறுவர் நாவலுக்கும் புராணத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கத்தான் வேண்டும்.

சிரிப்பு ஏன் வேண்டும் என்று ஒரு கேள்வி மிச்சம். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குத் துக்கம் இருக்கிறது. ஒரு அம்மாவோ அப்பாவோ போய்விட்டதனால்தான் இந்தப் புது ஏற்பாடே. அதை நேராகப் பேசினால் புத்தகத்தை மூடிவிடுவார்கள். கூத்தில் இந்த வேலைக்கென்றே ஓர் ஆளை வைத்திருக்கிறோம். கட்டியக்காரன். ராஜா வேஷம் கட்டினவர் கிரீடமும் புஜக்கட்டையுமாக வந்து கர்ஜித்தால், பக்கத்தில் நின்று ‘அண்ணே, கொஞ்சம் மெதுவா, குழந்தைங்க தூங்குது’ என்பான். அன்று குந்தி வேஷக்காரர் தன் பிள்ளைகளை நினைத்துப் பாட்டாகப் பாடி அழுதுகொண்டிருந்தார். மத்தளம் ஓய்ந்தது. கட்டியக்காரன் மெல்லக் கேட்டான்: “அம்மா, ஒரு சந்தேகம். ரேஷன் கார்டுல எத்தன பேரு? அஞ்சா, ஆறா? அந்தப் பெரிய பையன் பேரச் சேத்துட்டீங்களா, இல்ல விட்டுட்டீங்களா?” கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தப் பெரிய பையன் கர்ணன். சிரித்து முடித்த மறு வினாடி மைதானம் அமைதியானதை நான் கேட்டேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பத்து நிமிடம் பாடி வராத அழுகை ஒரு ரேஷன் கார்டில் வந்துவிட்டது. ஊர்ந்து ஓடுகிற மிட்டாய்க்கும் இதே உத்தியோகம்தான்.

நாவலுக்கு எதிராகவும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதற்குள் பாம்புப்பல் மாதிரி ஒன்றை மண்ணில் போட்டு முரட்டு ஆட்கள் முளைத்து வருவது வரை போய்விடுகிறது கதை. கிரேக்கப் புராணத்துச் சரக்கு அது. ரத்தபீஜன் சிந்திய துளிக்கு ஓர் அசுரன் எழுந்த கதை தெரிந்த நமக்குப் பழகிய வகைதான். கடைசியில் அரக்கனும் விஷயத்துக்குள் இழுக்கப்படுகிறார், அவரும் மனிதர்தான் என்று தெரிகிறது. அதற்கும் பிறகு, பெட்டியில் மிஞ்சியிருந்த ஒரு கல் தொட்டதையெல்லாம் தங்கமாக்குகிறது. அதை விற்றுப் பெரிய வீடு வாங்குகிறார்கள். ‘பார்த்தீர்களா, மாயம்தானே தீர்த்துவைத்தது’ என்று நீங்கள் என்னை மடக்கலாம். அந்த முடிவு எனக்கும் கொஞ்சம் வசதியாகத்தான் படுகிறது. ஆனால் வரிசையைப் பாருங்கள். தங்கம் வருவதற்கு முன்பே ஏழு பேரும் ஒரு குடும்பமாகிவிட்டார்கள். தங்கம் தீர்ப்பது அறைப் பற்றாக்குறையைத்தான். ஒரு குளியலறைக்கு ஏழு பேர் என்றால் ஒரு தாய் பிள்ளைகளுக்குள்ளும் சண்டை வரும்.

மாயப் பொருளை இப்படிப் பார்க்கிற பழக்கம் எங்கள் மண்ணுக்குப் பழையது. தகடூர் என்றால் இந்தத் தர்மபுரிதான். சேலம் போகிற வழியில் அதியமான்கோட்டை இன்னும் அவன் பெயரில் இருக்கிறது. நீண்ட நாள் வாழவைக்கும் அரிய நெல்லிக்கனி அதியமானுக்குக் கிடைத்தது, அவன் அதை ஔவைக்குக் கொடுத்துவிட்டான். அந்தக் கனி சொன்னபடி வேலை செய்ததா, ஔவை எத்தனை வருஷம் கூடுதலாக இருந்தாள் என்று இரண்டாயிரம் வருஷமாக ஒருவரும் கேட்டதில்லை. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதுதான் எங்களுக்கு நினைவிருக்கிறது.

சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். எண்ணிக்கைத் தகராறு எப்படி நின்றது? பாண்டு இறந்து, மாத்ரியும் அவனோடு சிதையேறிவிட்டாள். ஐந்து பேரும் குந்தி கையில். மந்திரம் அத்தோடு சரி, அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அரக்கு மாளிகை எரிந்த ராத்திரி, பீமன் அம்மாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நகுலனையும் சகாதேவனையும் இரண்டு இடுப்பிலும் இடுக்கிக்கொண்டு, மற்ற இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தான். எது யார் வயிற்றுப் பிள்ளை என்று பிரித்து எடுக்க அன்று நேரமில்லை. அதுதான் அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகிய ராத்திரி. பிறகு பன்னிரண்டு வருஷ வனவாசம். அதன் முடிவில் ஒரு பொய்கைக் கரையில் நாலு தம்பிகளும் செத்துக் கிடக்கிறார்கள். யட்சன் தருமனிடம் கேள்விகள் கேட்டுவிட்டு, ஒருவனை மட்டும் எழுப்பித் தருகிறேன், யார் வேண்டும் என்கிறான். வியாசரின் பாரதத்தில் தருமன் கேட்பது நகுலனை. யட்சனுக்கே ஆச்சரியம். பீமனை விட்டுவிட்டு, அர்ச்சுனனை விட்டுவிட்டு, சின்னம்மா மகனையா? தருமன் கணக்குச் சொல்கிறான். என் அம்மாவுக்கு நான் ஒருவன் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒருவன் இருக்கட்டும்.

மறுபடியும் எண்ணிக்கைதான். குந்தி எண்ணினாள், மகனும் எண்ணுகிறான். யட்சன் நாலு பேரையும் எழுப்பிவிடுகிறான். அதுவும் மாயம்தான், ஆனால் அவன் எண்ணி முடித்த பிறகு வந்தது.

இதைச் சொல்லி முடித்தபோது சிறுமி தூங்கிப்போயிருந்தாள். பையன்தான் கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. மீதிக் கடலை எவ்வளவு என்று மட்டும் கேட்டான்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அந்த நாவலை இருவருக்கும் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். சாயங்காலம் ஓர் அத்தியாயம், எங்கள் வீட்டுத் திண்ணையில். முதல் நாள் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். மிட்டாய் ஊர்ந்த அன்று இருவரும் ஒரே படியில் இருந்தார்கள் என்று ஞாபகம், நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டிலிருந்து சித்தி வந்தார். கையில் ஒரு வெள்ளை வேட்டி. அதில் பாதி நல்ல நீலம், ஓரத்தில் மஞ்சள், இரண்டும் கலந்த இடத்தில் பச்சை. சொட்டு நீலம், மஞ்சள்தூள், சீயக்காய், ஆப்பசோடா எல்லாவற்றையும் போட்டு ஒரு வாளியில் கலக்கியிருக்கிறார்கள். மிதக்க வைக்கிற மருந்தாம். வேட்டி அவள் அப்பாவுடையது, மறுநாள் ஒரு கல்யாணத்துக்குக் கட்டவேண்டியது.

“யாரு பண்ணினதுன்னு ரெண்டையும் நிக்கவெச்சுக் கேட்டேங்க ஐயா” என்றார். “தனித்தனியாவும் கேட்டேன். இவளும் பூனைங்கறா, அவனும் பூனைங்கறான்.”

“பூனையா?”

“எங்க வீட்ல பூனையே இல்லீங்க.”